அட்டை கொடுத்த பிறகும் பிள்ளை அடிப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தைச் சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் வாசித்தேன். பேச்சு வராத தன் மகன் அடிப்பதையும் கடிப்பதையும் குறைக்க, படம் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்துக் கேட்கப் பழக்கினார்கள் என்றும், மாதக்கணக்கில் அலைந்து பணம் கட்டியும் பிள்ளை கடிப்பதை விடவில்லை என்றும், இந்தப் பயிற்சியெல்லாம் வெறும் ஏமாற்று வேலை என்றும் மனம் நொந்து எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயமானது. அவர் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை. அதை வாசித்துவிட்டு மற்ற பெற்றோரும் அட்டைகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன்.

நான் குடியாத்தம் பக்கம் சிறப்பாசிரியையாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. டவுன் பஸ்ஸில் இறங்கி, தறி ஓடும் தெருக்களிலும் பீடி சுற்றும் திண்ணைகளிலும் நடந்து போய்ப் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி பிள்ளை, ஆனால் ஒரு வீட்டில் பலிக்கிறது, அடுத்த வீட்டில் பலிக்கவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளையிடம் இல்லை. அட்டையைப் பார்க்க வேண்டியவர்களிடம் இருக்கிறது.

பேச்சு வராத பிள்ளை அடிப்பதும், கடிப்பதும், தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் சும்மா நடப்பதில்லை. அம்மா திரும்பிப் பார்க்க வேண்டும், பிடித்த பொருள் வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்ப வேண்டும், காதைக் குடையும் சத்தம் நிற்க வேண்டும். இதில் ஏதோ ஒன்று அந்த அடியால் அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நாமே சொல்கிறோமே. அமெரிக்காவில் பிரையன் ஐவாட்டா என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழலில் வைத்துக் கவனித்து 1982-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரி தலையில் அடித்துக்கொள்ளும் இரண்டு பிள்ளைகளுக்குக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அதில் தெளிவானது.

அதற்கு மூன்று வருடம் கழித்து, 1985-ல், எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இருவர் நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுதான் இந்தக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் முறைக்கு அடித்தளம். பெரியவர்கள் கவனிக்காதபோது தொந்தரவு செய்யும் பிள்ளைக்கு, "நான் நல்லா செய்றேனா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் கஷ்டமாக இருக்கும்போது தொந்தரவு செய்யும் பிள்ளைக்கு, "எனக்குப் புரியலை" என்று சொல்லப் பழக்கினார்கள். காரணத்துக்குப் பொருந்திய வாசகத்தைக் கற்றபோது அடிதடி நன்றாகக் குறைந்தது. பொருந்தாத வாசகத்தைக் கற்றபோது குறையவில்லை. வெறுமனே ஏதோ ஒன்றைச் சொல்லத் தெரிந்தால் போதாது என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

ராணிப்பேட்டைத் தகப்பனாரிடம் நான் கேட்க விரும்பும் முதல் கேள்வி இதுதான். உங்கள் மகனுக்குக் கொடுத்தது எந்த அட்டை? நான் பார்த்த பல இடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கட்டு அட்டைதான்: தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், பந்து. எழுதச் சொன்னால் கடிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் அட்டையால் என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டியது "போதும்" என்று ஓர் அட்டை. அதைக் காட்டியதும் நோட்டை மூடி வைக்கிற ஓர் ஆசிரியர்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதற்குப் பின் நாம் என்ன செய்தோம் என்று ஒன்றிரண்டு வாரம் குறித்து வைத்தாலே பாதி புரிந்துவிடும். எழுதத் தெரியாத ஓர் அம்மா, அடுப்பு மேடையில் மூன்று டம்ளர் வைத்துப் புளியங்கொட்டை போட்டுக் கணக்கு வைத்தார். தான் வேலையாக இருக்கும்போது அடித்தால் முதல் டம்ளரில், ஏதாவது செய்யச் சொன்னபோது அடித்தால் இரண்டாவதில், கையிலிருந்ததை வாங்கியபோது அடித்தால் மூன்றாவதில். வாரக் கடைசியில் முதல் டம்ளர் மட்டும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இல்லாத தகவல் அது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பையனுக்கு எட்டு வயது. அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும், விரலில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கை நிற்காது, தலை நிமிராது. பையன் ஓடி வந்து முறத்தை ஓர் உதை விடுவான். தூள் தரையெல்லாம் கொட்டும். அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு எழுந்து அவனைப் பிடிப்பார், திட்டுவார், இரண்டு போடுவார், பிறகு தாங்க முடியாமல் கட்டிக்கொண்டு அழுவார். உதைத்த மறு நொடியே அம்மா முழுசாக அவனுக்குக் கிடைத்துவிடுகிறார். திட்டும் அவனுக்குக் கவனிப்புதான்.

இந்தப் பையனுக்கும் அட்டை கொடுத்திருந்தார்கள். நல்ல அட்டை, அம்மாவின் படமே ஒட்டியது. காரணமும் சரியாகத்தான் பிடித்திருந்தார்கள். ஆனால் அட்டை இருந்தது உள் அறையில், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பைக்குள். அவன் எழுந்து போய், பையைத் திறந்து, ஃபைலைப் பிரித்து, ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து, திண்ணைக்கு வந்து அம்மா கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அம்மா சொல்வது, "இரு நைனா, இந்தக் கட்டு முடியட்டும்." ஒரு கட்டு என்றால் இருபத்தைந்து பீடி. முறத்தை உதைக்க ஒரு கால் போதும், காத்திருக்கவும் வேண்டாம். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? புத்தியுள்ள எந்தப் பிள்ளையும் உதையைத்தான் தேர்ந்தெடுக்கும்.

1991-ல் ராபர்ட் ஹார்னர், மைக்கேல் டே என்ற இருவர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். புதிதாகக் கற்றுக்கொடுக்கும் கேட்கும் முறைக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும், எத்தனை தடவை செய்தால் பலன் வரும், எவ்வளவு தாமதமாக வரும் என்ற மூன்றையும் பார்த்தார்கள். இதில் எதிலாவது ஒன்றில் பழைய அடியை விடப் புதிய முறை பின்தங்கினாலும் பிள்ளை பழையதற்கே திரும்புகிறது. வேலையிலிருந்து விடுபட ஒரு முழு வாக்கியத்தைச் சைகையால் சொல்லக் கற்ற பையன் அடிப்பதை விடவில்லை. அதே பையனுக்கு ஒரே ஒரு சைகை போதும் என்று ஆக்கியதும் அடி குறைந்தது. "முழுசாச் சொல்லு, மரியாதையாக் கேளு, அம்மா எனக்குத் தண்ணீர் வேண்டும்னு சொல்லு" என்று பிள்ளையை நிறுத்தி வைக்கும் பெரியவர்களிடம் நான் சண்டை போடுவதற்குக் காரணம் இதுதான். மரியாதை அப்புறம் வரட்டும். முதலில் அடிக்காமல் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வரட்டும்.

பீடி வீட்டில் செய்தது இவ்வளவுதான். அட்டையில் துளை போட்டு, பீடி நூலாலேயே முறத்தின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அதைத் தொட்டாலே போதும், பிய்க்க வேண்டாம், கொண்டு வர வேண்டாம். தொட்டதும் அம்மா இலையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, கன்னத்தைப் பிடித்து ஆட்டி ஒரு வார்த்தை பேச வேண்டும். "இப்படி நிறுத்திக்கினே இருந்தா ஆயிரம் எப்ப டீச்சர் ஆவும்?" என்று அவர் கேட்டார். இதை யாரும் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. கூலி குறைந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் ஏஜென்ட் வந்து சரக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு கிடைக்கும் தளர்வான நேரத்தில் மட்டும் ஆரம்பித்தோம். மற்ற நேரத்தில் பையனை ஆயா வைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது "தொட்டால் உடனே" என்பது தவறாமல் நடந்தது. அட்டையைத் தொடுவது பழகிய பிறகுதான் மற்ற நேரத்துக்கும் கொண்டு போனோம்.

இன்னொரு வீடு. பெண்ணுக்குப் பதினொரு வயது. டவுனில் ஒரு பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போய், மெல்லிய குரலில் "மா" என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அமைதியான ஏசி அறையில் அந்தக் குரல் அழகாகக் கேட்டிருக்கும். வீட்டிலோ இரண்டு விசைத்தறி ஓடுகிறது. பக்கத்தில் நின்று பேசினால் எனக்கே காதில் விழாது. அவள் கூப்பிடுவாள், யாரும் திரும்ப மாட்டார்கள், மறுபடி கூப்பிடுவாள், கடைசியில் கையைக் கடித்துக்கொள்வாள். கையில் ரத்தம் வந்தால் தறி நிற்கும். கேட்கும் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்கப்படுகிறவருக்கு அது போய்ச் சேரவில்லை என்றால் பலன் பூஜ்யம். அட்டையோ சைகையோ பழக்கும் முன் பிள்ளை நாளெல்லாம் இருக்கும் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். அந்த வீட்டில் அப்பாவே ஒரு யோசனை சொன்னார். தறிக்கு எதிரே, கண்ணில் படும்படி ஒரு ஜீரோ வாட் சிவப்பு பல்பு. சுவரில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவிட்சு. சுவிட்சைப் போட்டால் பல்பு எரியும், யாராவது ஒருவர் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் எனக்குக் கிடைக்காத யோசனை, ஒரு தறிக்காரரிடம் கிடைத்தது.

அடுத்து, எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். கேட்டால் கொடுப்பது மட்டும் போதாது. அடித்தாலும் கிடைக்கும் என்ற நிலை அப்படியே இருந்தால், பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு நேரத்தில் ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையைப் பிடுங்குவான். திரும்ப வாங்கினால் கத்துவானே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அவனுக்கு முட்டை அட்டை ஒன்று செய்து, அதைக் காட்டினால் வரிசையில் முதலில் அவனுக்கு முட்டை என்று ஆக்கினோம். அதோடு கூடவே, பிடுங்கிய முட்டையைச் சத்தம் போடாமல் வாங்கி உரியவன் தட்டில் வைத்துவிடுவது என்றும் முடிவு செய்தோம். முதல் சில நாட்கள் பள்ளியே அதிரும்படி கத்தினான். முன்பு பலித்த வித்தை திடீரென்று பலிக்காவிட்டால் யாரும் ஒரு முறை கூடுதல் பலத்தோடு முயன்றுதான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு கத்தினால்தான் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். சத்துணவுக் கூடத்து உதவியாளர் அக்கா அசையவில்லை. அட்டையை மறுபடி அவன் கையில் வைத்து, அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் நீட்டச் செய்து, அப்புறம்தான் முட்டையை வைத்தார். ஒரே மதியத்தில் இதைக் கற்றுக்கொண்டார் அவர். பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. தலையைச் சுவரில் மோதுகிற, கண்ணில் குத்திக்கொள்கிற பிள்ளையிடம் இதை வீட்டில் தனியாக முயலாதீர்கள். கத்தல் கூடும் அந்த நாட்களில் காயம் பெரிதாகிவிடலாம். அங்கே மருத்துவரும் உளவியலாளரும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, கேட்டதெல்லாம் உடனே கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாது. அந்தப் பீடி அம்மா கேட்ட கேள்வி எல்லா வீட்டிலும் வரும். சில மாதம் நன்றாகப் போய், "இப்ப ஒரு மணி நேரத்துக்கு இருபது தடவை தொடறான், என்னால முடியலை" என்று பெற்றோர் கைவிடும் இடமும் இதுதான். ராணிப்பேட்டையிலும் அப்படி நடந்திருக்கலாம். காத்திருக்கப் பழக்குவது பயிற்சியின் பாதி. ஆனால் அதை முதல் நாளே ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும். 2001-ல் கிரெகரி ஹான்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்றில், இப்போது கேட்டால் கிடைக்கும், இப்போது கேட்டால் கிடைக்காது என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் காட்டினால் கேட்கும் பழக்கமும் அழியாமல், ஓயாமல் கேட்பதும் அடங்குகிறது என்று தெரிந்தது. நான் அதைக் குடியாத்தத்துக்குத் தகுந்தபடி செய்கிறேன். லுங்கித் துண்டு இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். பச்சைத் துண்டு அம்மா தோளில் இருந்தால் தொடலாம், உடனே கிடைக்கும். சிவப்புத் துண்டு இருந்தால் இல்லை. முதலில் சிவப்பு ஒரு நிமிடம்கூட இருக்காது, பத்து எண்ணுவதற்குள் பச்சை வந்துவிடும். பிறகு ஒரு பாட்டு முடியும் வரை. பிறகு ஒரு கட்டு பீடி வரை. சிவப்பு இருக்கும்போது பையன் கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். வெறும் கையோடு யாராலும் காத்திருக்க முடியாது. நூல்கண்டு பிரிப்பது, பட்டாணி பொறுக்குவது என்று எதுவாக இருந்தாலும் சரி. இதற்கெல்லாம் பல மாதம் ஆகும் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பத்து வகுப்பில் சரியாகிவிடும் என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் உண்மையான ஏமாற்று வேலை.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை திடீரென்று பழையபடி அடிக்க ஆரம்பிப்பதும் உண்டு. வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சொந்தபந்தம். அத்தை, சித்தப்பா, பெரியம்மா மகன்கள் என்று கூடத்தில் இடமிருக்காது. அவர்களில் யாருக்கும் அட்டை தெரியாது. பிள்ளை ஒருவரிடம் நீட்டுவான், "இன்னாடா இது, சீட்டு வச்சிக்கினு வெளையாடறியா?" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேளச் சத்தம் வேறு. இரண்டு மூன்று தடவை அட்டை பலிக்காமல் போனால், பழைய அடி மறுபடி தலைதூக்கும். பயிற்சி தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விருந்தாளிகள் வந்ததும் காபி கொடுக்கும்போதே, "இவன் இதைக் காட்டினா வெளியே கூட்டிப் போகணும்னு அர்த்தம்" என்று சொல்லிவிட வேண்டும். திருவிழா முடிந்ததும் ஒரு வாரம் பழையபடி "தொட்டால் உடனே" என்று நடத்தினால் பெரும்பாலும் மீண்டு வந்துவிடுகிறார்கள்.

எந்த அட்டையாலும் தீராதது வலி. அமைதியாக இருந்த பிள்ளை காரணம் தெரியாமல் கன்னத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், பயிற்சியை மாற்றுவதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, வயிற்றெரிச்சல் எல்லாம் அடியாக வெளியே வரும். "வலிக்குது" என்று காட்ட ஓர் அட்டை கட்டாயம் வேண்டும், காட்டினால் டாக்டரிடம் போகவும் வேண்டும். சில பல் மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட பிள்ளை என்றதும் "அடங்க மாட்டான், வேறு இடம் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். சொத்தைப் பல்லோடு திரும்பி வரும் பிள்ளையிடம் நான் எந்த அட்டையை நீட்டுவது?

பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டில் "போதும்" அட்டையை அருமையாகப் பயன்படுத்தும் ஒரு பையன், ஒரு பள்ளியில் தினமும் பெஞ்சைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் அவன் அட்டைகள் மேசை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தன. அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். இது பெற்றோரிடமும் பரவலாக இருக்கும் பயம். ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. படம், சைகை, செயலி எதுவும் பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவே வளர்கிறது. சட்டமும் இந்தப் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொடர்பு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பிரெய்லி, சைகை மொழி ஆகியவற்றோடு பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் முறைகளையும் சேர்த்திருக்கிறது. பிள்ளையின் அட்டையைப் பூட்டி வைப்பது அவன் வாயைப் பொத்துவதற்குச் சமம். சென்னையில் உருவாக்கப்பட்ட ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே குரல் வரும். டேப்லெட் வாங்க வசதியுள்ளவர்கள் அதையும் பார்க்கலாம். ஆனால் சார்ஜ் இல்லாத டேப்லெட்டை விட, கழுத்தில் தொங்கும் லேமினேட் அட்டை மேல்.

கார், டியூராண்ட் இருவரும் 1992-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என் மனதில் எப்போதும் நிற்கும். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு செய்தால் தனியே ஒதுக்கி உட்காரவைக்கும் முறை, இன்னொரு பகுதிக்குக் கேட்கும் பயிற்சி. ஆரம்பத்தில் இரண்டிலுமே தொந்தரவு குறைந்தது. பிறகு, முன்கதை எதுவும் தெரியாத புதிய ஆசிரியர்களிடம் அந்தப் பிள்ளைகள் போனபோது, ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் தொந்தரவு திரும்பி வந்தது. கேட்கத் தெரிந்த பிள்ளைகள் புதியவரிடமும் கேட்டார்கள், அவரும் பதில் கொடுத்தார், குறைந்தது குறைந்தபடியே நின்றது. அங்கே அந்தப் பிள்ளைகள் கேட்டது யாருக்கும் புரியும் விதமாக இருந்தது. நம் பிள்ளைகளின் அட்டையும் அப்படித்தான் இருக்க வேண்டும். பயிற்சி மையத்து மிஸ்ஸுக்கு மட்டும் புரியும் சைகை, ஆட்டோக்காரருக்குப் புரியாது, பெட்டிக்கடைக்காரருக்குப் புரியாது. படத்துக்குக் கீழே பெரிய தமிழ் எழுத்தில் "எனக்குச் சத்தம் பிடிக்கவில்லை, வெளியே போகணும்" என்று எழுதியிருந்தால் பஸ் கண்டக்டருக்கும் புரியும்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநலப் பிரிவின் நம்பிக்கை நிலையத்தில் பிள்ளையோடு பெற்றோருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். சரியான வழி அது. ஆனால் தறியையும் முறத்தையும் விட்டுவிட்டு எல்லோராலும் போய் வர முடியாது. பெற்றோரை அங்கே வரச் சொல்வதோடு நில்லாமல், பயிற்சியும் வீட்டுத் திண்ணைக்கும் பள்ளிக்கும் வர வேண்டும். பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். இப்படிப்பட்ட ஒரு பிள்ளை படிக்கும் பள்ளியில், தலைமையாசிரியர் தொடங்கிச் சத்துணவு அமைப்பாளர், உதவியாளர், தூய்மைப் பணியாளர், அழைத்து வரும் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லோரையும் ஒரு மதியம் உட்காரவைத்து, அந்தப் பிள்ளையின் அட்டைகளை அந்தப் பிள்ளையைக் கொண்டே காட்டச் செய்யுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் மண்டபத்தில் நடத்தும் பயிற்சியால் அது நடக்காது. பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அட்டைகளும், எதைக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய ஒரு தாளும் கூடவே போகட்டும். எங்களைப் போன்ற சிறப்பாசிரியர்களுக்கு ஒரு வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரம்தான் பல நாட்களில் கிடைக்கிறது. ஒரு பிள்ளையின் அருகில் அரை நாள் உட்கார நேரம் கொடுத்தால்தான் காரணம் தெரியும், காரணம் தெரிந்தால்தான் சரியான அட்டை.

ராணிப்பேட்டை ஐயாவுக்கு: தயவுசெய்து அந்த அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் மகன் கடிக்கும்போது அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் ஒரு வாரம் பாருங்கள். புளியங்கொட்டைக் கணக்கே போதும். பிறகு அட்டை அவன் கைக்கு எட்டுகிறதா, எல்லோரும் பார்க்கிறார்களா, பார்த்ததும் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றில் ஏதோ ஒன்று தடுக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட பிள்ளை யாரையாவது தாக்கியதாகச் செய்தி வரும்போது, உங்கள் நிருபர்கள் "திடீரென ஆவேசம்" என்று தலைப்புப் போடுகிறார்கள். அடுத்த முறை, அதற்கு ஐந்து நிமிடம் முன் அங்கே என்ன நடந்தது, பிள்ளை எதையாவது கேட்க முயன்றதா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்து அதையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் வீடுகள் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்